துறைமுகம் துறைமுகமாக விசாரிப்பவர்

ஜூலை 8, சனி. ஃபோபோர்க்

முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள் நான். வேலை முடிந்து போகும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எத்தனை மணிக்கு எழும்பினார், என்ன சாப்பிட்டார், யார் வந்து பார்த்தார்கள். கண்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள் என்பார்கள். ஓய்வு பெற்று ஒரு வருடமாகியும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆகவே இந்தக் கொப்பி.

கண்டது: காலை ஏழே முக்காலுக்கு ஹொல்ஸ்டபுரோ வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம், நானும் அவரும். அவர் பெயர் பரமலிங்கம். வயது அறுபத்தெட்டு. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு உண்டு, மற்றபடி சுகம். பாலத்தைக் கடந்து ஃபூன் தீவுக்கு வந்து, தெற்குக் கரையில் இந்தத் துறைமுக ஊருக்கு வெளியே கேம்பிங் மைதானத்தில் கூடாரம் அடித்தோம். அதற்கு இரண்டே கால் மணி நேரம் பிடித்தது. கடைசியில் பக்கத்துக் கூடாரத்து டெனிஷ்காரர் வந்து கம்பியைத் தலைகீழாகச் செருகியிருக்கிறோம் என்று காட்டினார்.

நினைத்தது: இந்த மனிதர் முப்பத்தெட்டு வருடம் டென்மார்க்கில் இருந்துவிட்டு ஒருநாளும் கூடாரத்தில் படுத்ததில்லை. அகதி முகாமில் எட்டு மாதம் படுத்தது இந்தப் பிறவிக்குப் போதும் என்பார். பூங்காவில் பாய் விரித்தால் எறும்பு என்று காருக்குள் போய் இருப்பார். ஏப்ரலில் வைல நகரத்தில் ஒரு கலியாணத்துக்குத் தனியே போனார். எனக்குத் தடிமனும் தும்மலும், நான் போகவில்லை. அடுத்த கிழமை கூடாரம் வாங்கிக்கொண்டு வந்து, கோடைக்குத் தெற்குத் தீவுகளைச் சுற்றிப் பார்ப்போம் என்றார்.

அந்தக் கலியாணத்தில் என்ன நடந்தது என்று மூன்று தரம் கேட்டிருக்கிறேன். சாப்பாடு நல்லம் என்றார்.

மகள் நிருபா தொலைபேசியில் சிரித்தாள். அப்பாவுக்கு இப்பத்தான் வாழ்க்கையில் ஆசை வந்திருக்கிறதாம், விடட்டுமாம். நான் விடவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

எழும்பியது ஆறரை. பால்மா கரைத்துத் தேத்தண்ணி. குளிக்கும் இடத்தில் வரிசை. பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தேன். தாளித்த வாசத்துக்கு முன்கூடாரத்துப் பிள்ளைகள் இரண்டு வந்து நின்று பார்த்தன, அப்பளம் கொடுத்தேன்.

ஒன்பது மணிக்குக் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தது பதினொன்று நாற்பது. கடலைப் பார்க்க இரண்டு மணி நாற்பது நிமிடம் தேவையில்லை. அது கூடாரத்து வாசலிலிருந்தே தெரிகிறது.

பின்னேரம் நானும் துறைமுகத்துக்கு நடந்தேன். சிவப்பு ஓடு போட்ட சின்ன வீடுகள், வாசலில் செவ்வரத்தம்பூ மாதிரிப் பூக்கும் உயரமான செடிகள். மீன் புகைபோடும் கடைக்குப் பக்கத்தில், தலையில் மாலுமித் தொப்பி வைத்த ஒரு கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, காலையில் வந்தவரின் மனைவியா என்று கேட்டார். ஆம் என்றேன். கிடைத்துவிடும், கவலைப்பட வேண்டாம் என்றார்.

என்ன கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

ஜூலை 10, திங்கள்

மழை. கூடாரத்தின் ஒரு மூலை ஒழுகியது. அவர் ஒரு சொல் ஏசவில்லை. அதுவே சரியில்லை.

ஜூலை 11, செவ்வாய்

சின்னக் கப்பல் எடுத்து அவர்னாகோ என்ற தீவுக்குப் போனோம். முப்பது நாற்பது வீடு, ஒரு தேவாலயம், ஒரு பலசரக்குக் கடை. ஆளில்லாத மேசையில் உருளைக்கிழங்கும் பெட்டியும் வைத்திருக்கிறார்கள், காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டு கிலோ எடுத்தேன். நல்ல கிழங்கு, மண்வாசம்.

கப்பலில் வரும்போது அவர் என்னை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு மேல்தட்டுக்குப் போனார். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கயிறு கட்டுகிற ஆளோடு கதைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார், உறைக்குள்ளிருந்து எதையோ எடுத்துக் காட்டினார். அந்த ஆள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, தெற்குப் பக்கம் கையை நீட்டினான். இவர் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அவரும் கொப்பி வைத்திருக்கிறார். இத்தனை வருடத்தில் கடைக்குப் போகும்போது சாமான் பட்டியல் கூட எழுதாத ஆள்.

இரவுச் சாப்பாட்டுக்கு அந்தக் கிழங்கைப் பிரட்டினேன். உறை பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேலையில் பழகியது இது. நோயாளி தானாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது, கேட்டால் பொய் சொல்வார்கள்.

ஒரு பெண்ணாக இருக்குமோ என்றும் நினைத்தேன். அறுபத்தெட்டு வயதில். சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

ஜூலை 12, புதன்

அவருடைய கைத்தொலைபேசி கடலுக்குள் விழுந்துவிட்டது. படகுத்துறையில் குனியும்போது விழுந்ததாம். படகைப் பார்க்க ஏன் குனிய வேண்டும்? எஞ்சினைப் பார்த்தாராம்.

அதற்குள் என்ன இருந்ததோ, இனி எவரும் பார்க்க முடியாது. விழுந்ததா, விழுத்தினாரா.

ஜூலை 13, வியாழன். தோசிங்க தீவு

கூடாரத்தைக் கழற்றி, ஸ்வென்போர்க் நகரத்தைக் கடந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் தோசிங்க தீவுக்கு வந்துவிட்டோம். இந்தக் கேம்பிங் மைதானம் நல்லது. சமையலறை சுத்தம். தண்ணீர் சூடாக வருகிறது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கோதுமை வயல்.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஸ்வென்போர்க்கில் ஒரு பழைய பொருள் கடைக்குள் போனோம். நான் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈஸ்வரி என்று கூப்பிட்டார். என் பெயர் மங்களேஸ்வரி, அவர் அப்படித்தான் கூப்பிடுவார். திரும்பிப் பார்த்தால் கையில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய ரெலிபோன், அழுத்துகிற எண்கள் வைத்தது.

"இது எங்கட முதல் வீட்டில இருந்தது மாதிரியெல்லே?" என்றார். "எந்த மூலையில வச்சிருந்தனாங்கள்? சமையலறைக்குள்ளயோ?"

படுக்கையறைக்கு வெளியே, சுவரோடு, என்றேன். ஓம் ஓம் என்று அதன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

கடையில் ஆயிரம் பொருள் இருந்தது. இதை ஏன் எடுத்தார்? எந்த மூலை என்று அவருக்குத் தெரியாதா? அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எட்டு வருடம் படுத்தார்.

கோப்பை வாங்கவில்லை. தலையிடி என்று சொல்லிக் காருக்குள் போய் இருந்தேன்.

ஜூலை 14, வெள்ளி

குளிக்கப் போகும்போது மேற்சட்டையைக் கதிரையில் விட்டுவிட்டுப் போனார். பத்து நிமிடம் இருந்தது எனக்கு. உறையைத் திறந்தேன்.

பெண் இல்லை. குகன்.

குகதாசன் என்பது முழுப்பெயர். அவருடைய ஒரே தம்பி. எண்பத்தொன்பதில் எங்களிடம் வந்து மூன்று வருடம் எங்களோடு இருந்தான். படம் அந்தக் காலத்தில் எடுத்தது, பனிக்குள் நின்று சிரிக்கிறான், காதை மூடிய தொப்பி நான் பின்னிக் கொடுத்தது. எங்கள் வீட்டில் அவன் பேச்சு எடுத்துப் பல வருடம். என் தங்கச்சி தவமலரை அவனுக்குக் கேட்டிருந்தோம். சண்டைக்குள்ளிருந்து அவளை வெளியே எடுக்க அதுதான் ஒரே வழியாக இருந்தது. முதலில் யோசிக்கிறேன் என்றான். பிறகு, தான் ஒரு டெனிஷ் பெட்டையை விரும்புவதாகச் சொன்னான். தொண்ணூற்றிரண்டில் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போன இடம் தெரியாது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவன் தாய், என் மாமி, இறந்ததற்குக் கூட வரவில்லை.

அவ்வளவுதான் கதை.

சின்னக் கொப்பியையும் பார்த்தேன். துறைமுகங்களின் பெயர்கள், சிலவற்றுக்குக் குறுக்கே கோடு. மேலே ஒரு வரி: "வைல கலியாணத்தில் சொன்னது. தெற்குத் தீவு ஒன்றில் படகு எஞ்சின் திருத்தும் தமிழன். மனைவியின் குடும்பப் பெயரை எடுத்திருக்கலாம்."

ஆகவே தம்பியைத் தேடுகிறார். தேடட்டும். ஆனால் எனக்கு ஏன் மறைக்க வேண்டும்? தம்பியைத் தேடுகிற மனிதர் மனைவியிடம் சொல்லிவிட்டுத் தேடலாம். சொல்லாமல், கூடவே கூட்டிக்கொண்டு போய், கடையில் ரெலிபோனைத் தூக்கிக் காட்டினால் அதற்கு என்ன அர்த்தம்?

இது சுற்றுலா இல்லை, விசாரணை. வைலவில் யாரோ அவருக்கு ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 15, சனி

நாரி நோகிறது, வீட்டுக்குப் போவோம் என்றேன். பொய்யில்லை, கொஞ்சம் நோகத்தான் செய்தது. அவர் மருந்துக்கடைக்குப் போய்க் களிம்பும், இன்னொரு கடையில் தடித்த மெத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார். முதுகில் தானே பூசிவிட்டார். கலியாணம் செய்த நாளிலிருந்து இப்படிப் பூசியதில்லை. களிம்பு சூடாக ஏறும்போது, இந்த விரல்கள் என்ன தேடுகின்றன என்று நினைத்தேன்.

பின்னேரம் வயல் ஓரமாக நடந்து போய்த் தவமலருக்கு ரெலிபோன் எடுத்தேன். அவள் பருத்தித்துறையில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவள். கலியாணம் செய்யவில்லை. குகனின் பெயரைச் சொன்னேன். யார் என்று கேட்டாள். விளக்கினேன்.

"எனக்கு அந்த ஆளின்ர முகமே ஞாபகமில்லை, அக்கா" என்றாள். "நான் கேட்டனானே அவரை? நீங்கள்தான் கேட்டனீங்கள். இன்னும் அதையே வச்சுக்கொண்டு இருக்கிறியளே?"

பிறகு தன் வீட்டு மாமரம் பற்றி நிறையக் கதைத்தாள்.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். குகன் ஒருமுறை எடுத்திருக்கலாம். போன பிறகு, ஒரு இரண்டு வருடம் கழித்து. சரியாக ஞாபகமில்லை. நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகமில்லை.

ஜூலை 16, ஞாயிறு

வெயில். உடுப்புத் தோய்த்துக் காயவிட்டேன். இரண்டு சேர்ட், நான்கு துவாய்.

பதினொரு மணிக்கு மைதானத்து அலுவலகப் பெண் கூடாரத்தடிக்கு வந்தாள். அவர் ஸ்வென்போர்க் துறைமுகத்துக்குப் போயிருந்தார். தொலைபேசி கடலுக்குள் போனதிலிருந்து போகிற இடமெல்லாம் இந்த மைதானத்தின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஏரோ தீவில் மார்ஸ்தால் என்ற ஊரிலிருந்து ஒருவர் அழைத்தாராம். தன் பெயர் கூகன் என்றாராம், அவள் அப்படித்தான் உச்சரித்தாள். துறைமுகத்து ஆட்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நாளை திங்கட்கிழமை இரண்டு மணிக்குக் கப்பலில் வந்து ஸ்வென்போர்க் இறங்குதுறையில் நிற்பாராம், நான்கு மணிவரை. இலக்கத்தையும் எழுதி, கடதாசியை என் கையில் தந்துவிட்டுப் போனாள். உங்கள் கணவருக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும் என்றாள்.

அவர் ஒரு மணிக்கு வந்தார். மீன் பொரித்திருந்தேன். ஏதாவது செய்தி வந்ததா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் ஒரு செய்தியைக் கொடுக்காமல் விட்டதில்லை. ஒருவருடைய மகள் எடுத்தால், மகன் எடுத்தால், வந்து பார்க்காத பிள்ளைகள் எடுத்தால்கூட, குனிந்து காதுக்குள் சொல்லுவேன். அதற்காக எனக்கு ஒருமுறை பூங்கொத்து தந்தார்கள்.

கடதாசி என் மேலங்கிப் பையில் இருக்கிறது.

ஜூலை 17, திங்கள்

முழுவதையும் எழுதப் போகிறேன். கண்டது, நினைத்தது என்று பிரிக்கப் போவதில்லை.

இன்று அவர் எங்கும் போகவில்லை. இரண்டு மணிக்குக் கூடாரத்து வாசலில் இருந்து, நான் கேட்காமலே கிழங்கு உரித்தார். எனக்கு மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டேகால். இரண்டரை. ஒவ்வொரு தரமும் நான் பார்க்கும்போது அவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அலுவலகப் பெண் வழியில் அவரைக் கண்டு சொல்லியிருக்க வேண்டும், தெரிந்துகொண்டுதான் இருக்கிறார், நான் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பேன் என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குக் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஈஸ்வரி, உம்மோட ஒரு விசயம் கதைக்கவேணும். கனகாலமா மறைச்ச விசயம். இனியும் மறைக்கேலாது."

"தெரியும்" என்றேன். "சுத்தி வளைக்க வேண்டாம். ஓம், நான்தான். அவன் ரெலிபோன் எடுத்தவன். நீங்கள் அவனோட கதைக்க விருப்பமில்லை எண்டு நான்தான் சொன்னனான்."

சொல்லி முடிக்கவில்லை, அவர் முகத்தைக் கண்டேன். அவருக்கு ஒன்றுமே தெரியாது.

பாரிசவாதம் வந்து விழுகிறவர்களின் முகத்தை அந்தக் கணத்தில் கண்டிருக்கிறேன். அப்படித்தான் இருந்தது. வாய் கொஞ்சம் திறந்தபடி.

"ஆர் எடுத்தது?" என்றார். "எப்ப?"

1994 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் இரண்டு நாற்பது. அவர் இரவு வேலை முடித்துவிட்டு அறைக்குள் நித்திரை. குறட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கிழமைதான் தவமலரிடமிருந்து கடிதம் வந்திருந்தது, இரண்டு தரம் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்துத் தரையில் படுக்கிறார்கள் என்று. அவள் அந்தத் தரையில் கிடப்பதற்கு இவன்தான் காரணம் என்று எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணையைக் கூப்பிடுங்கோ அண்ணி என்றான். நான் குறட்டையைக் கேட்டுக்கொண்டே சொன்னேன், அண்ணை பக்கத்திலதான் நிக்கிறார், உன்ர குரலைக் கேக்க விருப்பமில்லை எண்டுறார், இனி எடுக்க வேண்டாம்.

இதை அவரிடம் சொன்னேன். பிறகு அவர் தான் சொல்ல இருந்ததைச் சொன்னார். அவன் வீட்டைவிட்டுப் போன அன்று சைக்கிள் கொட்டிலுக்குள் வைத்துத் தம்பிக்கு அடித்திருக்கிறார். கன்னத்தில், இரண்டு தரம். இனி என் முகத்தில் முழிக்காதே என்றிருக்கிறார். எனக்கு அது தெரியாது. தம்பி எடுக்காததற்கும் எழுதாததற்கும் தாய் இறந்ததற்கு வராததற்கும் அந்த இரண்டு அடிதான் காரணம் என்று முப்பத்தொரு வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தேடப் போவதை எனக்குச் சொல்லாததற்குக் காரணம், தவமலரின் கதையை எடுத்து நான் அழுவேன் என்ற பயம். பழைய ரெலிபோனைக் கடையில் தூக்கியது, அது எங்களுடையது மாதிரி இருந்ததால்.

தான் அடித்தபடியால்தானே என்னுடைய சொல்லையும் அவன் நம்பியிருப்பான் என்றார்.

பிறகு கேட்டார்.

"அவன் என்ன கதைச்சவன்? ஒரு சொல் விடாமச் சொல்லும்."

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. இந்தக் கொப்பிக்கும் சொல்ல நினைத்திருக்கவில்லை.

"தனக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கெண்டு சொன்னவன். நேற்று எண்டவன். அப்பா இல்லாத இடத்தில அண்ணைதான் பேர் வைக்க வேணும், கேட்டுச் சொல்லுங்கோ எண்டவன்."

அவர் எழும்பினார். வயலுக்குள் இறங்கி, கோதுமையை விலத்திக்கொண்டு கடல் பக்கம் போனார். நான் கடதாசியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முதுகில் தட்டி அவர் கையில் வைத்தேன். வாசித்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று ஐம்பது.

அவர் ஒருநாளும் அப்படிக் கார் ஓட்டியதில்லை. நாங்கள் இறங்குதுறைக்குப் போனபோது நாலு இருபது. கப்பல் வெளிக்கிட்டுவிட்டது, வால் பக்கம் தெரிந்தது. பயணச்சீட்டுக் கொடுக்கும் ஆள் சொன்னார், ஒரு மனிதர் இரண்டு மணியிலிருந்து அந்தக் கம்பத்தடியில் நின்றார், கடைசி ஆளாக ஏறினார் என்று.

ஜூலை 18, செவ்வாய்

அவர் அலுவலகத்துத் தொலைபேசியில் குகனோடு கதைத்தார். நான் வெளியே நின்றேன். கூடாரம் கழற்றினோம். அவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம்.

ஜூலை 19, புதன். மார்ஸ்தால், ஏரோ தீவு

ஒன்றேகால் மணி நேரக் கப்பல். அவர் மேல்தட்டில், நான் கீழே காருக்குள்.

குகன் இறங்குதுறையில் நின்றான். நெற்றி ஏறிவிட்டது, தாடி வெள்ளை, நீல வேலையுடுப்பு. அவர் காரை நிற்பாட்டி இறங்கினார். இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு, வழியில் சிரமமோ, கார் எத்தனை வருடம் ஓடுகிறது என்று கதைத்தார்கள். பிறகு குகன் அம்மாவைக் கேட்டான். இரண்டாயிரத்தொன்றில் என்றார் இவர். குகன் தலையை ஆட்டினான். அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டு நின்றான். தொண்ணூற்றொன்றில் அவர்கள் ஊர் காரைநகர் முழுக்க இடம்பெயர்ந்த பிறகு அம்மா வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தார், எங்களை விட்டுப் போன பிறகு அவர் எங்கே என்று அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. விலாசம் எங்களிடம்தான் இருந்தது.

அவன் மனைவி லோன பாலர் பாடசாலையில் வேலை செய்கிறாள். கோழி அவித்திருந்தாள், உப்புத் தவிர ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறது என்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாத்திரம் கழுவினேன். குகன் கை கழுவ வந்தான். மற்ற இருவரும் வெளியே இருந்தார்கள்.

"அண்ணைக்கு என்ன சொன்னனீங்கள், அண்ணி?" என்றான்.

எல்லாம் சொன்னேன் என்றேன். அவன் விரல் இடுக்கில் இருந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் சொல்லியிருக்க மாட்டன்" என்றான். "அண்ணை தேடுறார் எண்டவுடனேயே எனக்கு விளங்கீட்டுது. அண்டைக்கு ஸ்வென்போர்க்குக்கு வரேக்குள்ளயே சொல்லுறேல்ல எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தனான்."

சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஒன்றும் நடந்திருக்காது. நான் சந்தேகப்பட்டதால் சொன்னேன், நல்ல மனதால் இல்லை. அவன் துவாயில் கையைத் துடைத்துவிட்டுப் போனான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லுவான் என்று ஒரு கணம் நின்றேன்.

கூடாரம் ஊருக்கு வெளியே, தண்ணீர் ஓரமாக. அதற்குள் இரண்டு அறை. தன் மெத்தையை மற்ற அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 20, வியாழன்

மகள் வந்தாள். சிக்னே. ஒடென்ஸ நகரத்தில் மருத்துவத் தாதி. மாமியின் நெற்றி, மாமியின் நடை. அவர் அவளைக் கண்டதும் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

தமிழ் தெரியாது. டெனிஷில்தான் கதைத்தோம். டெனிஷ்காரர்களைப் போல நேராகக் கேட்டாள்: அன்று தொலைபேசியை எடுத்தது நீங்கள்தானா?

ஆம் என்றேன். எல்லோரும் மேசையில் இருந்தார்கள்.

தகப்பன் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். இந்த நாட்டில் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குள் பெயர் பதிய வேண்டும். அண்ணை மனம் மாறி எடுப்பார் என்று கடைசிக் கிழமை வரை பதியாமல் வைத்திருந்தானாம். அதுவரை அவளைப் பிள்ளை என்றே கூப்பிட்டார்களாம். பிறகு லோனவின் தாய் ஒரு பெயர் சொல்ல, அதைப் பதிந்தார்களாம். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நோயாளியின் பழைய விவரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு அவர் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன பெயர் வைத்திருப்பீர்கள் என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். இப்படித் திடீரென்று கேட்டால் எப்படி, எனக்கும் ஆறு மாதம் தர வேண்டும் என்றார்.

குகன்தான் முதலில் சிரித்தான். பிறகு சிக்னே, பிறகு லோன. அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் மேசையில் கிடந்த பாண் தூளை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21, வெள்ளி

காலையில் அவர் கூடாரத்துக்கு வெளியே நின்றபடியே சொன்னார், ஓகஸ்ட் முடியும்வரை தான் இங்கே நிற்கப் போவதாக. தம்பியின் பட்டறையில் கைகொடுக்கப் போகிறாராம். நான் என்ன செய்வது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. ஹொல்ஸ்டபுரோவுக்குப் பேருந்தும் ரயிலும் இருக்கிறது, நேரம் பார்த்து வைத்தேன். பகல் கப்பல் பன்னிரண்டு ஐந்துக்கு. என் உடுப்புகளை ஒரு பைக்குள் அடுக்கினேன். பிறகு, இடத்தை ஓகஸ்ட் வரை நீடிக்க வேண்டுமே, அதையாவது அவருக்குச் செய்து கொடுத்துவிட்டுப் போவோம் என்று மைதானத்து அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த பையன் படிவத்தை நீட்டி, எத்தனை பேர் என்று கேட்டான். ஒருவரா, இருவரா?

கேட்டு வருகிறேன் என்றேன்.

பட்டறை துறைமுகத்துக் கடைசியில். நடக்கப் பதினைந்து நிமிடம். ஒரு பழைய படகு எஞ்சினின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அவர் குனிந்து அதற்குள் தலையை விட்டிருந்தார், குகன் பக்கத்தில் ஸ்பானரோடு நின்றான். நான் வாசலில் நின்று, படிவத்தில் எத்தனை பேர் என்று போட வேண்டும் எனக் கேட்கிறார்கள் என்றேன்.

அவர் நிமிரவில்லை. குகன் என்னைப் பார்த்தான், அவர் முதுகைப் பார்த்தான், ஸ்பானரை மேசையில் வைத்தான். வெளியே கப்பல் ஊதியது.

"ரெண்டு" என்றார்.

கையை நீட்டினார். குகன் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். நான் திரும்பி நடந்தேன், கொஞ்சம் வேகமாக, அந்தப் பையன் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவான் என்பதால். படிவத்தில் முதல் வரியில் அவர் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதினேன். இரண்டாவது வரியில் என்னுடையதை எழுதினேன்.